டார்பியிலிருந்து ஒரு டிசி

முந்திரிக் கொட்டையை உள்ளங்கையில் போட்டு ஒரு குலுக்குக் குலுக்கினால், அது மழையில் நனைந்து காய்ந்ததா இல்லையா என்று சொல்லிவிடுகிற ஆள் பெனடிக்ட். அரியலூரில் முந்திரித் தரகர். விற்க வந்தவனிடம், "இந்தச் சரக்குக்கு இவ்ளோ கேக்குறது அநியாயம்" என்பார். வாங்க வந்தவனிடம் அதே சரக்கைக் காட்டி, "இவ்ளோதான் குடுப்பேன்றது அநியாயம்" என்பார். ரெண்டு பேரும் பெனடிக்ட் நம்ம பக்கம் என்று நினைத்துக்கொண்டே வீடு போய்ச் சேருவார்கள். ஆனால், சொன்ன சொல்லை மாற்றினார் என்று கடைத்தெருவில் ஒரு ஈ காக்கை சொன்னதில்லை.

அப்படிப்பட்டவர், ஒன்பது வயது மகளிடம் சொன்ன சொல்லை மாற்றினார்.

மகள் பெயர் ஷாலினி மேரி. மூன்று வருஷத்துக்கு முன்னால் மூன்று பேருமாகத்தான் இங்கிலாந்தில் டார்பி என்கிற ஊருக்குப் போனார்கள். மனைவி சகாய பிரியாவுக்கு அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. பெனடிக்ட் நாலு மாதம் தாக்குப்பிடித்தார். குளிரைக்கூடப் பொறுத்துக்கொண்டார். கத்தரிக்காய்க்குக்கூட விலையை ஒட்டிவைத்திருக்கிற ஊரில் ஒரு மனுஷன் வாயைத் திறப்பதற்கு என்ன இருக்கிறது என்று திரும்பி வந்துவிட்டார்.

அவர் வந்த பிறகு ஃபோனில் மகள் ஒரே அழுகை. பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை, பேசுவது புரியவில்லை, யாரும் பக்கத்தில் உட்காருவதில்லை. பெனடிக்ட் பேரத்தை ஆரம்பித்தார். பத்து நாள் போய்ப் பார், பிடிக்காவிட்டால் அப்பா வந்து தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்றார். பத்து நாள் ஆனதும் இன்னும் ஒரு பத்து. இப்படிப் பத்துப் பத்தாகச் சொல்லியே அந்தப் பள்ளிக்கூடத்தை அவள் தலையில் கட்டிவிட்டார். ஐந்தாவது பத்தோ ஆறாவது பத்தோ, அழுகை நின்றது. அப்புறம் ஃபோனை எடுத்தாலே பள்ளிக்கூடப் பேச்சுதான். ஹார்டிங் மிஸ் பிள்ளைகளிடம் பேசும்போது தரையில் மண்டிபோட்டு, கண்ணுக்கு நேரே கண் வைத்துப் பேசுவாராம். குளிர் கோட்டு மாட்டுவதற்கு ஆளுக்கொரு கொக்கி உண்டாம். இவள் கொக்கிக்கு மேலே முள்ளெலி படமும் பெயரும் ஒட்டியிருக்கிறதாம். ஆயிஷா என்கிற பிள்ளை இவள் பக்கத்து இடத்தை வேறு யாருக்கும் விடமாட்டாளாம்.

பெனடிக்டுக்கு இதெல்லாம் கதை மாதிரி இருந்தது. அவர் படித்த காலத்தில் வாத்தியார் மண்டிபோட்டதில்லை, போட வைத்திருக்கிறார். ஒன்பதாம் வகுப்பில் டிசியைக் கிழித்துக் கையில் கொடுத்தபோது அவர் வெளிக்கேட்டு வரைக்கும் துள்ளிக்கொண்டுதான் வந்தார்.

போன அக்டோபரில் காரியம் கெட்டது. முதியோர் இல்லத்துக்காரர்களுக்கு வெளிநாட்டு ஆள் வைக்கும் அனுமதி போய்விட்டது. அதோடு சகாய பிரியாவின் விசாவும் போயிற்று. பள்ளிக்கு ஒரு வாரம் லீவு விட்டிருந்த நேரம். லீவுக்கு ஊருக்குப் போகிறோம் என்று சொல்லித்தான் தாய் பிள்ளையை விமானத்தில் ஏற்றினாள். ஷாலினி தன் விளையாட்டு ஷூவைக்கூட அந்தக் கொக்கியிலேயே தொங்கவிட்டு வந்திருந்தாள். திங்கட்கிழமை வேண்டுமல்லவா?

அந்தத் திங்கட்கிழமை வரவில்லை. சகாய பிரியா பெரம்பலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து, விடியற்காலை பஸ் பிடிக்க ஆரம்பித்தாள். பெனடிக்ட் மகளை அரியலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டார். தலைமையாசிரியர் தர்மராஜ் நல்ல மனிதர். புள்ள நாலாங்கிளாஸ்ல உக்காரட்டும், ஆனா டிசி வந்தாத்தான் கம்ப்யூட்டரில் பேர் ஏறும் என்றார். அதனால் வகுப்பில் நாற்பது பெயரும் கூப்பிடுவார்கள், ஷாலினி பெயரைக் கூப்பிட மாட்டார்கள்.

ரெண்டு வாரம் கழித்து, வகுப்பு டீச்சர் ராசாத்தி ஆளனுப்பினார். பாப்பா நல்லாப் படிக்குதுங்க, யாரோடயும் சேரத்தான் மாட்டேங்குது என்றார். இன்னொன்றும் சொன்னார். தினமும் மத்தியானம் கணக்குப் பாடத்துக்கு நடுவில், வாய்க்குள்ளேயே 'குட் மார்னிங் மிஸ் ஹார்டிங்' என்கிறதாம். பிள்ளைகள் பட்டப்பெயரே வைத்துவிட்டார்களாம், குட்மார்னிங் என்று.

அன்றைக்குச் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு பேக்கரியில் மகளை உட்காரவைத்து, தேங்காய் பன் வாங்கிக் கொடுத்து மெதுவாக விசாரித்தார்.

"மத்தியானத்துல எதுக்கும்மா குட் மார்னிங்?"

"அங்க அப்பதாம்ப்பா மார்னிங்." அவளுடைய தமிழ் ஆறு வயதிலேயே நின்றுபோயிருந்தது. "ரெண்டு இருபதுக்கு மிஸ் பேர் கூப்பிட்டு ரிஜிஸ்டர் எடுப்பாங்க. நான் பதினொண்ணாவது."

"நீதான் அங்க இல்லியே?"

"பேர் இருக்குல்ல."

அம்மாவின் பழைய ஃபோனை எடுத்துக் காட்டினாள். பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு நாள் விடாமல் செய்தி வந்திருந்தது. ஷாலினி இன்று வரவில்லை, காரணத்தைத் தெரியப்படுத்துங்கள் என்று. சகாய பிரியாவுக்குப் பதில் போட மனம் வரவில்லை போலிருக்கிறது. ஷாலினி விரலால் தள்ளித் தள்ளிக் காட்டினாள்.

"பாரு, டெய்லி தேடுறாங்க."

பெனடிக்ட் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். டீ எப்போதோ ஆறிவிட்டிருந்தது.

"அப்பா, அந்த சார் டிசி கேக்குறாருல்ல? டிசி வாங்கினா பேர வெட்டிருவாங்களாம். எங்க கிளாஸ் முத்தமிழ் சொன்னான். நீ லெட்டர் போடாத."

"போடல."

"நெசமா?"

"அப்பா சொன்னா சொன்னதுதான்."

அவள் பன்னைப் பிட்டு அவருக்குப் பாதி கொடுத்தாள். ஊருக்கு வந்ததிலிருந்து அவளாக அவருக்கு ஏதாவது கொடுத்தது அதுதான் முதல் தடவை.

அடுத்த வாரம் தர்மராஜ் மறுபடி கூப்பிட்டனுப்பினார். அரையாண்டுப் பரீட்சைக்குப் பெயர்ப் பட்டியல் போகிறது, வெள்ளிக்கிழமைக்குள் ஏதாவது ஒரு காகிதம் வேண்டும், இல்லையென்றால் பிள்ளைக்கு இந்த வருஷம் வீண் என்றார். பெனடிக்ட் ஒரு நாள் முழுக்க யோசித்தார். பிள்ளையின் வருத்தம் என்பது மழைக்கால விலை மாதிரி, நாலு நாள் ஏறும், அப்புறம் தானாக இறங்கிவிடும் என்று தனக்குத்தானே ஒரு பேரம் பேசினார். அந்த ஒரு பேரத்தில் மட்டும் விற்கிறவரும் அவர்தான், வாங்குகிறவரும் அவர்தான். சட்டென்று படிந்துவிட்டது.

ஜெராக்ஸ் கடை மஞ்சுவைப் பிடித்து இங்கிலீஷில் ஒரு கடிதம் அடிக்கச் சொன்னார். என் மகள் இந்தியாவில் பள்ளியில் சேர்ந்துவிட்டாள், தயவுசெய்து டிசி தரவும் என்று. அந்த ஊரில் டிசி என்று ஒரு பண்டமே கிடையாது என்பது அவருக்கும் தெரியாது, மஞ்சுவுக்கும் தெரியாது.

வெள்ளிக்கிழமை காலையில் பதில் வந்திருந்தது. மஞ்சு அச்சடித்துக் கொடுத்த ரெண்டு பக்கத்தையும் அப்படியே எடுத்துக்கொண்டு தலைமையாசிரியர் அறைக்கு ஓடினார் பெனடிக்ட். தர்மராஜ் மேலோட்டமாகப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இதப் படிக்க நான் எதுக்குங்க? வெள்ளக்காரங்க மாதிரியே படிக்க நம்மகிட்டதான் ஆள் இருக்கே."

பெனடிக்ட் வேணாங்க சார் என்று எழுந்திருப்பதற்குள் ஆயா நாலாம் வகுப்புக்குப் போய்விட்டார். ஷாலினியின் இங்கிலீஷைக் கேட்க இன்னும் ரெண்டு டீச்சர்கள் வேறு வந்து நின்றுகொண்டார்கள்.

ஷாலினி வந்தாள். காகிதத்தின் தலைப்பில் தன் பள்ளிக்கூடத்தின் சின்னத்தைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்ததை பெனடிக்ட் பார்த்தார். அப்புறம் அவள் படிக்க ஆரம்பித்தாள். தடுமாறவில்லை, நிறுத்தவில்லை. முதல் பக்கத்தின் பாதியில் குரல் மட்டும் கொஞ்சம் சின்னதாயிற்று. பெனடிக்டுக்கு அதில் ஷாலினி என்பதும் சாரி என்பதும் மட்டும்தான் புரிந்தது. படித்து முடித்ததும் ஒரு டீச்சர் கைதட்டினார். எவ்வளவு அழகான உச்சரிப்பு என்றார் இன்னொருவர்.

"அப்பாவுக்குத் தமிழ்ல சொல்லும்மா" என்றார் தர்மராஜ்.

"டிசி கெடையாதாம். நேத்தோட பேர வெட்டிட்டாங்களாம்."

அவ்வளவுதான் சொன்னாள். காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து மேஜையில் வைத்துவிட்டு, போகலாமா என்று தர்மராஜிடம் கேட்டுப் போனாள். அப்பாவின் பக்கம் திரும்பவில்லை.

இது போதும், இதையே டிசியா வச்சுக்கலாம் என்று தர்மராஜ் சந்தோஷமாகப் பேனாவை எடுத்தார். காகிதத்தை மறுபடி விரித்தவர் ரெண்டாம் பக்கத்தில் நின்றுவிட்டார்.

"இதுல ஒரு எடத்த உங்க பொண்ணு தமிழ்ல சொல்லாம தாண்டிருச்சுங்க" என்றார். "தெனம் பேர் கூப்பிடறப்ப, அந்த டீச்சர் இவ பேரையும் கூப்பிட்டிருக்காங்க. புள்ளைங்கல்லாம் சேர்ந்து, இன்னும் வரல மிஸ்னு சொல்லுமாம். இனிமே கூப்பிடப் போறதில்லன்னு சொன்னப்ப ஒரு புள்ள கேட்டுச்சாம், அவ லேட்டா வந்துட்டா என்ன பண்றதுன்னு."

பெனடிக்ட் நாலாம் வகுப்பு வாசலுக்குப் போனார். ராசாத்தி டீச்சர் தலையாட்ட, ஷாலினி வராந்தாவுக்கு வந்து நின்றாள், டீச்சர்கள் முன்னால் நிற்பதுபோல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. பரீட்சைக்காகத்தான் எழுதினேன் என்றார். வேறு வழியில்லாமல் போச்சு என்றார். மிஸ்ஸோடு வீடியோவில் பேச அம்மாவிடம் சொல்லி ஏற்பாடு பண்ணுகிறேன், ஆயிஷாவோடும் பேசலாம், இன்னொரு நாள் நாமே ஒரு தடவை அங்கே போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று, ஒவ்வொன்றாக விலையை ஏற்றிக்கொண்டே போனார். அவள் எல்லாவற்றையும் கேட்டாள்.

"வேணாங்க" என்றாள். "நீங்க போங்க. கிளாஸ் நடக்குது."

காலையில் வண்டியிலிருந்து இறங்கும்போதுகூட வா, போ, சாயங்காலம் எப்ப வருவ என்றுதான் பேசினாள். வெளி ஆட்களிடம் 'ங்க' போட்டுப் பேச வேண்டும் என்று சகாய பிரியா சொல்லிக்கொடுத்திருந்தாள்.

கோபித்துக்கொண்டு எழுந்து போகிறவனைப் பத்தடி போகவிட்டுக் கூப்பிட்டால் திரும்பி வருவான். மரியாதையாகச் சரிங்க என்று சொல்லிவிட்டுப் போகிறவனைக் கூப்பிட்டுப் பிரயோஜனமில்லை. இருபது வருஷமாகக் கடைத்தெருவில் அவர் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது. தெரிந்தும் கூப்பிட்டார்.

"ஷாலு."

அவள் வாசற்படியில் நின்று திரும்பினாள். முகத்தில் கோபம் இல்லை.

"சொல்லுங்க" என்றாள்.