இனி கேட்க வேண்டாம்

குடும்பத்தில் அவனுக்குச் 'சிஸ்டம்' என்று பெயர் விழுந்து நெடுநாள் ஆயிற்று. ஓர் அலுவலகத்தின் கணினிகளைப் பராமரிப்பது அவன் உத்தியோகம். உறவினர் அத்தனை பேரின் கணினிகளையும் பராமரிப்பது அவன் தலையெழுத்து. பகலெல்லாம் மேசைகளுக்கு அடியில் தவழ்ந்து வயர் மாற்றிவிட்டு முதுகை நிமிர்த்தினால், "பிரிண்டர் முறைக்குதுப்பா" என்று யாராவது ஒரு மாமா கைபேசியில் காத்திருப்பார்.

அன்று அழைத்தவர் அண்ணி.

"தம்பி, காலையில திருத்தினது அப்படியே காணாமப் போயிடுச்சு."

"சேவ் பண்ணீங்களா?"

"பண்ணாம? பத்திக்குப் பத்தி பண்ணேன்."

"சரி. எதையும் மூடாதீங்க. கை வைக்காம அப்படியே விடுங்க. வரேன்."

சொல்லிவிட்டானேயொழிய, கால்கள் ஒப்பவில்லை. பேருந்தில் கம்பியைப் பிடித்தபடியே கண்ணயர்ந்து, இறங்கும் இடத்தைத் தவறவிட்டுத் திரும்பி நடந்தான். போகாமல் இருக்க முடியாது. பிள்ளைகள் தோளுக்கு வளர்ந்தபின் அண்ணி தேடிக்கொண்ட முதல் வேலை அது: நரம்பில் மருந்து ஏற்றும் கருவியின் கையேட்டை மொழிபெயர்ப்பது. வேலை கொடுத்த பெண்மணி ஓரமெங்கும் குறிப்பெழுதி அதை மின்னஞ்சலில் திருப்பியிருந்தார். இன்றைக்குள் திருத்தி வந்தால் அடுத்த கையேடும் அண்ணிக்கே. வராவிட்டால் வேறு ஆள்.

கதவைத் திறந்த அண்ணன், "வாங்க டாக்டர்! நோயாளி உள்ளே. மனைவியும் கிட்டத்தட்ட அதே நிலைமைதான்" என்றான்.

படுக்கையறையில், அலமாரிக்கும் சன்னலுக்கும் இடைப்பட்ட இடுக்கில், உயரம் குறைத்த இஸ்திரி மேசைதான் அண்ணியின் அலுவலகம். மடிக்காத துணிகள் ஒரு கோடியில். மடிக்கணினி மறு கோடியில். அவர் நாற்காலியை விட்டுக்கொடுத்துக் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார்.

திரையில் கையேடு திறந்தபடியே இருந்தது. பின்பாதி திருத்தப்பட்டிருந்தது. முன்பாதியில் ஒரு சொல்கூட மாறவில்லை.

"இதை எங்கேருந்து திறந்தீங்க?"

"எங்கேருந்து திறப்பாங்க? மெயில்ல வந்துச்சு, மெயில்லயே தட்டினேன், திறந்துச்சு."

"மதியம் மூடினீங்களா?"

"சாப்பிடப் போனப்போ மெயிலையும் சேர்த்து எல்லாத்தையும் மூடிட்டுத்தான் போனேன். வீட்டைத் திறந்து போட்டுட்டா போவாங்க? வந்து மறுபடி மெயில்லேருந்து திறந்து, விட்ட இடத்துலேருந்து ஆரம்பிச்சேன். முடிச்சிட்டு மேலே பார்த்தா, பழைய குருடி கதவைத் திறடின்னு நிக்குது."

அவனுக்கு விளங்கிவிட்டது. மின்னஞ்சலில் வந்த இணைப்பை அங்கிருந்தபடியே தட்டினால், மின்னஞ்சல் நிரல் ஒரு நகலை எடுத்துத் தன் தற்காலிக மூலை ஒன்றில் வைத்துத் திறக்கிறது. சேமிப்பதெல்லாம் அந்த நகலில்தான் சேரும். மின்னஞ்சலில் இருப்பது வந்தது வந்தபடியே கிடக்கும். மின்னஞ்சலை மூடினால், நிரல் தன் மூலையைக் கூட்டிப் பெருக்கிவிட்டுப் போய்விடும். காலை முழுவதும் அண்ணி ஓட்டைக் குடத்தில் நீர் வார்த்திருக்கிறார்.

திறந்திருந்த நகலை முதலில் பத்திரமான ஓரிடத்தில் சேமித்தான். பிறகு அந்த மூலையைத் துழாவினான். அழிந்த கோப்புகளை மீட்கும் நிரலையும் ஓடவிட்டான். ஒன்றும் அகப்படவில்லை.

"மதியத்தோடது தப்பிச்சிடுச்சு. காலையோடது போச்சு அண்ணி."

அண்ணி ஒரு துண்டை எடுத்து மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார்.

"முன்னெல்லாம் ஒரு பெட்டி வந்து கேக்குமே, திறக்கவா, சேமிக்கவான்னு? இப்ப ஏன் கேக்கிறதில்லை?"

அவன் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தான். அந்தப் பெட்டி வரும்போதெல்லாம் அண்ணி அவனை அழைத்துக்கொண்டிருந்தார்: "தம்பி, கேக்குது, என்ன சொல்ல?" வேலை நடுவில், பசி நடுவில், தூக்க நடுவில். ஒருநாள் இந்த வீட்டுக்கு வந்தவன், 'திற' என்பதைத் தேர்ந்து, 'இந்த வகைக் கோப்புகளுக்கு இனி கேட்க வேண்டாம்' என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டான். 'சேமி' என்று தேர்ந்திருந்தால், சேமித்தது எங்கே போயிற்று என்று அதற்கொரு அழைப்பு வந்திருக்கும். ஓய்வு வேண்டும் என்பதைத் தவிர அன்று அவன் வேறெதையும் யோசிக்கவில்லை.

"நான்தான் நிறுத்தினேன்" என்றான்.

"தெரியும். பக்கத்துலதானே நின்னேன்."

"அப்புறம் ஏன் கேட்டீங்க?"

"நீ சொல்றியான்னு பார்த்தேன்." அண்ணி துண்டை வைத்தார். "என் தொல்லை தாங்கலைன்னா, 'போனை வைங்க அண்ணி'ன்னு சொல்லியிருக்கலாம். பெட்டி வாயைப் பொத்தினா நான் சும்மா இருந்துடுவேன்னு நினைச்சே பாரு!"

பின்னாலிருந்து அண்ணன், "கல்யாணம் ஆன நாள்லேருந்து நானும் அந்தக் கட்டத்தைத்தான் தேடிட்டு இருக்கேன்டா" என்றான்.

"நீங்க போய் டீ போடுங்க" என்றார் அண்ணி.

கட்டத்திலிருந்த டிக்கை எடுத்துவிட்டு, அவன் நாற்காலியைத் திருப்பிக் கொடுத்தான். "ஓரக் குறிப்பெல்லாம் அப்படியே இருக்கு. நான் படிக்கிறேன், நீங்க அடிங்க."

படித்தான். 'குமிழி என்பது போதாது. காற்றுக்குமிழி எனத் தெளிவாக எழுதவும்.' அண்ணி அடித்தார். 'எச்சரிக்கை ஒலி' மூன்று விதமாக எழுதப்பட்டிருந்தது, ஒன்றாக்கினார். காலையில் தேடிக் கண்டடைந்த சொற்களில் சில உடனே வந்தன. சில முரண்டு பிடித்தன. டீ ஆறியது. தெருவிளக்கு எரியத் தொடங்கிச் சற்றுப் பொறுத்துக் கையேடு போய்ச் சேர்ந்தது.

இருவரும் எழுந்திருக்கவில்லை. எழுவதற்குத் தெம்பில்லை. அப்படி உட்கார்ந்திருக்கையிலேயே பதில் வந்தது: "கிடைத்தது, நன்றி. அடுத்ததும் உங்களுக்கே. இதில் இன்னும் நான்கைந்து திருத்தங்கள், கோப்பை இணைத்துள்ளேன்."

"இன்னுமா!" என்று அண்ணி இணைப்பைத் தட்டினார். பெட்டி வந்து கேட்டது.

பழக்கதோஷத்தில் அவன் வாய் திறந்தது. அண்ணி திரும்பாமலே கையை உயர்த்தித் தடுத்தார். இரண்டு வரியையும் நிதானமாகப் படித்து, 'சேமி' என்பதை அழுத்தி, எங்கே என்று அது கேட்டதற்கும் தாமே பதில் சொன்னார்.

"போய்ப் படு தம்பி."

அவன் அதற்குள் துணிக்குவியலில் தலையைச் சாய்த்திருந்தான்.