காவலுக்கு உட்கார்ந்தவள்

தலைமுடியால் சுருட்டை என்று பேர் வாங்கியவள் ஆஸ்பத்திரிப் படி ஏறும்போதே முடிவு பண்ணிவிட்டாள், இன்றைக்கு அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று. மூன்று நாள் ஒளிந்து திரிந்தது போதும். செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

அக்கா கூடப் பிறந்தவள் இல்லை. இரண்டு பேருக்கும் ஒரே லாட்ஜ், ஒரே தொழில், ஒரே போதை மாத்திரை. எது எதை இழுத்துக்கொண்டு வந்தது என்று கேட்டால் இருவருக்குமே தெரியாது. மாத்திரை போடாமல் ஆம்பளை பக்கத்தில் போக முடியாது, ஆம்பளை பக்கத்தில் போகாமல் மாத்திரை வாங்க முடியாது. செக்குமாட்டையாவது சாயங்காலம் அவிழ்த்து விடுவார்கள்.

அவர்களுக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது. ஒருத்தி ஆளோடு அறைக்குள் போனால், மற்றவள் கீழே படிக்கட்டில் போனும் கையுமாக உட்கார வேண்டும். இருபது நிமிஷத்தில் கூப்பிட வேண்டும். எடுத்து "வரேன்" என்றால் சரி. எடுக்காவிட்டால் மேனேஜரை இழுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்ட வேண்டும். காவல் முடியும்வரை மாத்திரையைத் தொடவே கூடாது. அக்கா வகுத்த சட்டம் இது. இரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

அன்றைக்குக் காலையிலிருந்தே மாத்திரை கேட்டு சுருட்டைக்கு உடம்பை முறுக்கியது, மூக்கு ஒழுகியது. மத்தியானம் அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்தியதும், பாதி மட்டும் என்று ஒன்றை உடைத்துப் போட்டாள். பாதியோடு நிறுத்துகிற ஆளா அவள்? கூட்டிப் பெருக்குகிறவள் வந்து உலுக்கியபோதுதான் கண் திறந்தது. ஒரு மணி நேரம் போயிருந்தது. அந்த ஆளும் போயிருந்தான். அக்கா கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்தாள். கை ஒடிந்து, விலா எலும்பு இரண்டு முறிந்து, ஒரு கண் திறக்க முடியாமல் வீங்கியிருந்தது.

வார்டில் அக்காவின் தம்பி பொண்டாட்டி இருந்தாள். லாட்ஜில் துணி துவைக்கிற வேலை, மாடிப்படியில் விழுந்துவிட்டாள், இதுதான் அந்த வீட்டுக்குத் தெரிந்த கதை. சுருட்டையைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க மட்டும் ஆட்டோ பிடிச்சுக் கொண்டு வரலைன்னா எங்க அண்ணி எங்களுக்கு இல்லைக்கா. உங்க புண்ணியம். உக்காருங்க, டீ வாங்கிட்டு வரேன்."

சுருட்டைக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. கும்பிடுகிறாளே பாவி, யாரைக் கும்பிடுகிறோம் என்று தெரியாமல். அவள் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு கிளம்பும்வரை தலை நிமிரவில்லை.

"அக்கா, அன்னைக்கு நான் தூங்கிட்டேன்."

"போன்ல சார்ஜ் போயிடுச்சுன்னியே."

"பொய்க்கா. சார்ஜ் இருந்துச்சு. நான் போட்டுட்டு உக்காந்தேன்."

"தெரியும்டி. காலையில உன் மூக்கு ஒழுகினதைப் பாத்தேனே. நீ தாங்க மாட்டேன்னு தெரிஞ்சுதான் உள்ள போனேன். போகலைன்னா சாயங்காலத்துக்கு எனக்கு என்ன இருந்துச்சு?"

"திட்டுக்கா. ரெண்டு அடி அடிக்கவாவது செய்."

"எந்தக் கையால?"

அப்போதுதான் சுருட்டை சரியாகக் கவனித்தாள். போர்வைக்குள் அக்காவின் கால் நடுங்கிக்கொண்டே இருந்தது. தலையணை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. நர்ஸுகள் காய்ச்சல் என்று நினைத்து ஈரத்துணி போட்டிருந்தார்கள். அக்கா வாசல் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அதெல்லாம் கிடக்கட்டும். கொண்டு வந்திருக்கியா?"

கொண்டுதான் வந்தாள். அக்கா தவித்துக்கொண்டிருப்பாள் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? அக்காவுக்கென்றே இரண்டு வாங்கி, ஜாக்கெட்டுக்குள் பொதிந்து வந்தாள். வார்டுக்கு ஏறி வருமுன் கீழே கக்கூஸுக்குள் போய், உண்மையைச் சொல்லத் தைரியம் வேண்டுமே என்று ஒன்றைப் போட்டாள். அது ஏறுவதற்குள் அடுத்ததையும் போட்டாள். அந்தத் தைரியத்தில்தான் இவ்வளவு யோக்கியமாகப் பேசிக்கொண்டிருந்தாள். த்தூ, இதுவும் ஒரு மன்னிப்பு கேட்கிற லட்சணமா என்று அவளுக்கே அருவருப்பாக இருந்தது. அதைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

"கிடைக்கலக்கா."

அக்கா அவள் முகத்தைத் திறந்திருந்த ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். போதையில் சொருகும் சுருட்டையின் பார்வையை இரண்டு வருஷமாகப் பக்கத்தில் படுத்துப் பார்த்தவள். கோபப்படுவாள் என்று சுருட்டை காத்திருந்தாள். அக்கா மெல்ல அந்தப் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"போகட்டும். உனக்காவது கிடைச்சுதே."

தம்பி பொண்டாட்டி டீயோடு வந்தாள். முதல் கிளாஸை சுருட்டையிடம்தான் நீட்டினாள். "சூடா இருக்கு, பாத்துக் குடிங்கக்கா," என்றாள். சுருட்டை இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தாள்.