டவர் பெட்டிக்கு ஈரச் சாக்கு

“இந்தச் சாக்கப் போட்டது யாருங்க்கா?”

“நாந்தான் தம்பி. பொட்டி அனலாக் கொதிச்சுது. தண்ணிப் பானைக்குச் சுத்துவமே, அதுமாதிரி நனைச்சுப் போட்டேன்.”

“பானைக்குச் சரி. இது மூச்சு வுடற சாமானுங்க்கா. காய்ச்சல்காரனுக்கு நெத்தியில பத்துப் போடறேன்னு மூக்கப் பொத்திட்டீங்க.”

டவர் மெக்கானிக் ஆசிம் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். சசிகலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அடிக்கடி லாரி கவிழும் தொப்பூர்க் கணவாயை ஒட்டிய அவள் கொல்லையில்தான் செல்போன் டவர் நிற்கிறது. அதன் அடியிலிருந்த இரும்புப் பெட்டியில் சூடு ஏறிவிட்டதென்று போனில் எச்சரிக்கை வந்து, ஆசிம் தர்மபுரியிலிருந்து பைக்கில் ஓடிவந்திருந்தான். காலையிலிருந்து கரண்ட் இல்லை. ஐந்து மணிக்குத்தான் வருமாம்.

மூன்று மணி வாக்கில் அவள் கணவன் மாதப்பன் லோடு லாரியோடு கணவாயில் இறங்குவான். அடிவாரம் வந்ததும் ஓரங்கட்டி, “எறங்கிட்டேன்” என்று ஒரே ஒரு சொல் சொல்வான். பன்னிரண்டு வருஷமாக அந்தச் சொல் வந்த பிறகுதான் அவளுக்குச் சோறு இறங்கும்.

“போன் வருமா தம்பி?”

“அனல் ஏறுனா ஃபேன் முழு வேகத்துல சுத்துது. அதுவே பேட்டரியக் குடிச்சிருச்சு. இப்படியே போனா ரெண்டு மணிக்குப் படுத்துரும்.”

மொறமொறவென்று காய்ந்திருந்த சாக்கை உருவி எறிந்தான். பெட்டியின் காற்றுச் சல்லடையில் சாக்கிலிருந்து அப்பியிருந்த கேழ்வரகுத் தூசியைத் தட்டினான். ஒவ்வொரு பேட்டரியின் மேலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். பிறகு ஆபீசுக்குப் போன் போட்டான்.

“பேச்சுக்கு மட்டும் ஒரு லைன் ஓடட்டும் சார். நெட்டு லைனையெல்லாம் அஞ்சு மணி வரைக்கும் தூங்க வெச்சிருங்க.” போனை வைத்துவிட்டுத் திரும்பினான். “ஊரே திட்டப்போவுது. அதுல பாதி உங்களுக்கு.”

பெட்டியின் இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது. விருந்தாளிகள் போனபின் ஒவ்வொரு அறையாக விளக்கணைத்து, வாசல் விளக்கை மட்டும் விட்டுவைப்பது போலிருந்தது சசிகலாவுக்கு. கண்ணுக்குத் தெரியாத அத்தனை அறைகளிலும் இவனுக்கு மட்டும் எப்படி வழி தெரிகிறது?

இரண்டு மணி தாண்டியது. மூன்றும் தாண்டியது. போனைக் கையிலேயே வைத்திருந்தாள். மூன்றே காலுக்கு அது அடித்தது.

“எறங்கிட்டேன்.”

“ம்,” என்றாள்.

திரும்பிப் பார்த்தாள். ஆசிம் பெட்டியின் கதவில் காதை வைத்து, பாட்டுக் கேட்பவனைப் போலக் கண்ணை மூடியிருந்தான். வெயில் இன்னும் இரும்பின்மேல் நேராக விழுந்துகொண்டிருந்தது. தப்புச் செய்த கைக்கு, அதற்கு ஈடாக ஏதாவது செய்யத் துடிப்பாக இருந்தது.

“தம்பி, பொட்டியத் தொடாம, ஒரு கை தள்ளி, நாலு கம்பு நட்டு, மேல ஒரு தகரம் போட்டு நெழல் மட்டும் குடுக்கட்டுங்களா?”