டாரிலின் இரண்டு குரல்கள்

1

இந்தக் கதை எனக்குத் துணி காயப்போடும் இடத்தில் கிடைத்தது. பக்கத்து வீட்டு லினெட் ஒரு கையால் படுக்கை விரிப்பை உதறிக்கொண்டே சொன்னாள். மற்றொரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றதைத் தவிர இதில் என் உழைப்பு எதுவும் இல்லை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'கூலங்கட்டாவில் கடல் அன்று' – வேண்டாம். இதில் கடலுக்கு வேலையில்லை.

அடுத்து: 'இறைச்சி சீவும் இயந்திரம் அவள் விரல்களை' – இதுவும் வேண்டாம். ரத்தத்தைக் காட்டி உங்களை உட்காரவைப்பது எனக்குப் பிடிக்காது.

நடந்தது இதுதான். லினெட் குடியிருப்பது ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில். வேலை பார்த்தது தெருவைத் தாண்டினால் வரும் அடுத்த மாநிலமான நியூ சவுத் வேல்ஸில், ட்வீட் ஹெட்ஸில் ஒரு கிளப்பின் சமையலறையில். அங்கே இயந்திரத்தில் இரண்டு விரல் நுனிகள் போயின. பாதுகாப்புத் தகட்டை அவளே கழற்றிவிட்டாள் என்றது நிர்வாகம். தகடு பல வாரங்களாகவே இல்லை என்பது தலைமைச் சமையல்காரன் டாரிலுக்குத் தெரியும். இருபது வருட நட்பு. அவன் எதையும் எழுதித் தர மறுத்துவிட்டான்.

3

லினெட் ஆஸ்பத்திரியில் கட்டு மாற்றிக்கொண்டு வந்து காரில் உட்கார்ந்திருந்தபோது டாரில் அழைத்தான். அவள் ஒலிபெருக்கியில் போட்டாள்.

"லின், கை எப்படி இருக்கு?"

"இருக்குடா. முன்னைக்குக் கொஞ்சம் குட்டையா."

சிரித்தான். சிரிப்பு பாதியில் அழுகையானது. "தகட்டைக் கழட்டினது நான்தான் லின். கழுவ நேரமாகுதுன்னு மேனேஜர் கழட்டச் சொன்னான். வாயத் திறந்தா என் வேலை போயிடும்."

பக்கத்து இருக்கையில் அவளுடைய பழைய போன் எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டிருந்தது.

(அவன் அழத் தொடங்கிய பிறகு, பதறிப்போய் அவள் பொத்தானை அழுத்தியதாகத்தான் முதலில் எழுதினேன். அப்படியென்றால் அவளை மன்னிப்பது சுலபம். படித்துக் காட்டினேன். "பொய். அவன் பேரு திரையில வந்ததுமே அழுத்திட்டேன்" என்றாள். திருத்திவிட்டேன்.)

4

நஷ்டஈட்டு வழக்குக்காக அவள் பார்த்த வழக்கறிஞர் பதிவைக் கேட்கவே மறுத்தார்.

"எங்க வச்சுப் பதிவு பண்ணீங்க?"

"ஆஸ்பத்திரி வாசல்ல. காருக்குள்ள."

"ட்வீட் பக்கமா?"

"ஆமா. அங்கதான் நிழல் இருந்துச்சு."

"உங்க வீட்டுல இருந்து பண்ணியிருந்தா இவ்வளவு சிக்கல் இல்ல. குவீன்ஸ்லாந்துச் சட்டப்படி, நீங்களும் பேசுற பேச்சை நீங்க பதிவு பண்ணிக்கலாம். இந்த நியூ சவுத் வேல்ஸ் பக்கம் அவரோட சம்மதமும் வேணும். விதிவிலக்கு இருக்கு. உங்க நியாயத்தைக் காப்பாத்த அது தேவைப்பட்டுச்சுன்னு நீதிபதி ஒத்துக்கணும். ஒத்துக்கலேன்னா குத்தவாளி நீங்கதான்."

5

இனி நடந்ததில் நான் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. [மொழியைத்தான் மாற்றியிருக்கிறேன்.]

ஞாயிற்றுக்கிழமை மதியம் டாரிலின் வீட்டுக் கொல்லையில், அவன் கம்பியடுப்பில் இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தபோது, லினெட் அவன் பேச்சைப் பதிவு செய்ததைச் சொல்லிவிட்டாள். அவன் திரும்பவில்லை.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டிருந்தா பேசியிருப்பியா?"

"மாட்டேன்."

"அப்புறம் என்னடா?"

இடுக்கியால் இறைச்சியைப் புரட்டிப்போட்டான். "சரி. இப்பக் கேளு."

"பதிவு பண்ணட்டுமா?"

"பண்ணு."

போனை மேசைமேல் வைத்தாள். அவன் கைகளைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தான். நீதிமன்றத்தில் நிற்பவனைப்போலக் குரல் விறைத்தது.

"என் பேரு டாரில் ஓக்‌ஷாட். முழுச் சம்மதத்தோட பேசுறேன். அன்னிக்குக் காலையில நான் பார்த்தப்போ தகடு மெஷின்லதான் இருந்துச்சு."

லினெட் பதிவை நிறுத்தினாள். அவளால் கத்தி பிடிக்க முடியாது என்பதால், டாரில் அவள் தட்டில் இருந்த இறைச்சியைச் சின்னச் சின்னதாக நறுக்கித் தள்ளினான். அவள் சாப்பிட்டாள். நன்றாகத்தான் இருந்ததாம்.

6

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் முதல் பதிவை நீதிபதி கேட்கிறார், டாரிலின் வேலை போகிறது. ஒன்றில் லினெட் இரண்டையும் அழித்துவிட்டு அடுத்த ஞாயிறும் அவன் வீட்டுக்குப் போகிறாள். மூன்றாவதில் டாரில் தானாகவே போய் – [இதை முடிக்க முடியவில்லை. அவனை நல்லவனாக்க ஆசைப்பட்டது நான்.]

என்ன செய்தாள் என்று லினெட் என்னிடம் சொல்லியிருக்கிறாள். சொல்லிவிட்டு, "இதை எழுதாத" என்றாள். எழுதவில்லை.

ஆகவே முடிவு உங்கள் கையில். எந்தப் பதிவை நீதிமன்றத்தில் கொடுப்பீர்கள், எதை அழிப்பீர்கள்? நிதானமாக யோசியுங்கள். இரண்டு பதிவுகளையும் நீங்கள் கேட்டாயிற்று. டாரிலிடம்தான் நான் சம்மதம் கேட்கவில்லை.