டயாலிசிஸ் என்ற சொல்லை எடுத்த பிறகு

கோழிக்கோட்டில் ஒரு மருத்துவமனையின் இணையதள மெனுவிலிருந்து ‘டயாலிசிஸ்’ என்ற சொல்லை எடுத்த செவ்வாய்க்கிழமை, இரண்டாம் மாடியில் இருந்த டயாலிசிஸ் அறையின் கதவு சுவராகிவிட்டது. அந்தச் சொல் ஆட்களைப் பயமுறுத்துகிறது என்று நினைத்த சேர்மன் குருவிளா, அதற்குப் பதிலாக ‘புதிய விடியல்’ என்று வைக்கச் சொன்னார். இணையதளத்தைக் கவனித்துவந்த பீனா அப்படியே வைத்தாள். கொத்தனார் தட்டிப் பார்த்துவிட்டு, கட்டிப் பல வருடமான சுவர் என்றார். உள்ளே இயந்திரங்கள் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. வாரம் மூன்று முறை வரும் மொய்துவின் கால்கள் வியாழனன்றே வீங்கிவிட்டன. மற்ற மருத்துவமனைகளில் இடமில்லை. அவர் மனைவி சைனபா சக்கர நாற்காலியை அந்தச் சுவருக்கு எதிரிலேயே நிறுத்திக் காத்திருந்தாள்.

பீனா, மக்கள் அதிகம் தேடும் சொல் எது என்று பார்த்தாள். சிறுநீரக மருத்துவப் படிப்பைக் குறிக்கும் ‘நெஃப்ராலஜி’ முதலில் வந்தது. அதை வைத்தாள். மறுநாள் காலை கதவு இரண்டு மடங்கு அகலமாகத் திரும்பி வந்தது. அதன் வழியாக மணிப்பாலிலிருந்தும் வேலூரிலிருந்தும் மருத்துவ மாணவர்கள் வந்து, கட்டில்களில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்தார்கள். நாற்காலி உள்ளே நுழைய வழியில்லை.

“இதுல ஒருத்தனுக்காவது கிட்னி கெட்டிருக்கா மோளே?” என்று, பார்க்க வந்த பீனாவிடம் கேட்டாள் சைனபா.

“நிறைய பேர் தேடுற வார்த்தை இதுதான் இத்தா.”

“தேடட்டும். நான் என்னன்னு சொல்லி ஆட்டோ பிடிக்கறேன்னு கேட்டியா? டயாலிசிஸுக்குப் போணும்பேன். ஆட்டோக்காரன் நேரா இங்க கொண்டுவந்து விடுறான். உனக்குத்தான் வழி தெரியல.”

பீனா பழைய சொல்லையே திரும்ப வைத்தாள். யார் கண்ணிலும் உடனே படட்டும் என்று அதை மெனுவின் முதல் வரிக்குக் கொண்டுபோய், எழுத்தையும் பெரிதாக்கினாள். அதன்பின் கைபேசித் திரையில் ஐந்து வரிகளுக்குத்தான் இடம் இருந்ததால் கடைசியில் இருந்த ‘சேர்மனின் சிந்தனைகள்’ போயிற்று. கதவு நாற்காலியின் அகலத்துக்குச் சுருங்கியது. மாணவர்கள் ஒரு குடையை விட்டுவிட்டுப் போனார்கள். மொய்து உள்ளே போனார்.

அன்று மதியம் முதல் மாடியில் குருவிளாவின் அறைக் கதவு சுவராயிற்று. ஜன்னல் இருந்ததால் ஏணி வைத்துச் சாப்பாடும் கோப்புகளும் கொடுத்தார்கள்.

“என் ‘சிந்தனைகளை’ மறுபடி போடு பீனா,” என்றார்.

“எதை எடுக்கட்டும் சாரே?” என்று அவள் ஏணியில் நின்றபடி கைபேசியை நீட்டினாள். அவர் அந்த ஐந்து வரிகளையும் வெகுநேரம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பிறகு கேட்கவேயில்லை.

மொய்து மேலும் மூன்று வருடம் உயிரோடு இருந்தார். புதிதாகச் சேரும் ஊழியர்களுக்கு ஏணி எங்கே இருக்கிறது என்பதை முதல் நாளே காட்டிவிடுகிறார்கள்.