கப்பலைவிட்டு இறங்கியவள்

வெல்லக்கட்டியோடு வருகிற வெளியாளைக் கண்டாலே எனக்கு ஆகாது. போன வருஷம் அப்படி ஒருவன்தான் எங்கள் குப்பத்துக்கு வந்து, என் மகள் அம்மணியை ஆசை காட்டி அழைத்துப்போய்க் கப்பலுக்கு அடிமையாக விற்றான். பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்துக்காரன் கொடி பறக்கிறவரைக்கும் கப்பல்கள் வந்துகொண்டுதான் இருக்கும். அவள் செத்துவிட்டாள் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்க யாரையும் விட்டதில்லை.

அதனால் சுப்பராயலு என்று ஒரு வெளியூர்க்காரர் தோணியைவிட்டு இறங்கியபோது நான் கையில் துடுப்போடு நின்றேன். பிள்ளைகளுக்குக் கதை கட்டுகிறவராம். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய், பிள்ளைகளையே கதை கட்ட வைப்பாராம். மணலில் விரலால் எழுதிப் பழகுகிற எங்கள் பள்ளிக்கூடத்துக்கு இது ஒன்றுதான் குறைச்சல்!

"மடியில இன்னா?" என்றேன்.

உதறிக் காட்டினார். ஓர் எழுத்தாணி, நாலு ஓலை நறுக்கு. வெல்லம் இருந்திருந்தால் அவர் மண்டை உடைந்திருக்கும்.

வாத்தியார் வீரராகவன் கெஞ்சியதால் விட்டேன். ஆனாலும் பள்ளிக்கூடக் கொட்டகை வாசலைவிட்டு நகரவில்லை. சுப்பராயலு பிள்ளைகளைப் பார்த்து, "உங்க மனசுல இருக்கற கதைய சொல்லுங்க" என்றார். ஒரு பிள்ளை அரிச்சுவடியை ஒப்பித்தது. சொல்லிக்கொடுத்ததை ஒப்பிப்பதைத் தவிர வேறென்ன தெரியும் அதுகளுக்கு? கடைசியில் என் மகன் வேலு எழுந்தான்.

"ஒரு அக்கா கப்பல்ல போனா. அவ அழுவவே இல்ல. கப்பல் ஒரு ஊர்ல நின்னுச்சு. அவ எறங்கி..."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "வாய மூடுடா!" என்று கத்தினேன். சுப்பராயலுவின் துண்டைப் பிடித்து இழுத்துத் துறைவரைக்கும் தள்ளிக்கொண்டு போனேன். "இன்னொரு தபா இங்க தல காட்டின, காலு இருக்காது!" அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோணியில் ஏறினார். அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து வலையைப் பிரித்துப் போட்டேன். கை ஓடவில்லை. செத்தவள் எப்படி இறங்குவாள்? இறங்கினால் எங்கே போவாள், சோறு யார் போடுவார்கள்?

வேலுவின் முகத்தைப் பார்க்காமலே கேட்டேன். "எறங்கி இன்னாடா பண்ணா?"

"சொல்ல மாட்டேன்."

"ஒதை வாங்கப்போற."

"ஒதைச்சிக்கோ. அவரு கேட்டாதான் சொல்லுவேன். உங்கிட்ட சொன்னா நீ திரும்பவும் அவள சாவடிச்சிடுவ."

அடிக்க ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. பிறகு துடுப்பை எடுத்துக்கொண்டு துறைக்கு ஓடினேன். என் தோணியைத் தள்ளிக்கொண்டு போய், தோணிரேவு ஊர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்த அவர் தோணியை ஏரி நடுவில் மறித்தேன். என்னையும் துடுப்பையும் பார்த்ததும் சுப்பராயலு இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டார்.

"யோவ், திரும்பு! எம் பொண்ணு கப்பலவுட்டு எறங்கி நிக்கறா. பாதியில வுட்டுட்டு நீ எங்கய்யா போற?"