செத்ததாக எழுதிய ஆடுகள்

ஐப்பசி வெள்ளத்தில் சங்கிலிபூதத்தானின் நாற்பது செம்மறிகளும் ஆற்றோடு போயின. தச்சநல்லூருக்குக் கிழக்கே ஆற்றுப் படுகையில் கிடை போட்டிருந்தார். மருதமரத்தில் ஏறியதால் அவர் மட்டும் பிழைத்தார்.

மறுநாளே கலெக்டர் துரை குதிரையில் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு, ஆட்டுக்கு இரண்டு ரூபாய் சர்க்கார் சகாயம் என்று தண்டோரா போட்டார்கள். சங்கிலிபூதத்தான் தாலுகா கச்சேரிக்கு ஓடினார். குமாஸ்தா ஞானசிகாமணி கெட்ட மனிதர் இல்லை. பாளையங்கோட்டை மிஷன் பள்ளியில் படித்தவர், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். ஆனால் கச்சேரிக்கென்று ஒரு புத்தி உண்டு. அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் யாருக்கும் அது வந்துவிடும்.

“காணாமப் போன ஆட்டுக்குச் சகாயம் கிடையாது வே. செத்த ஆட்டுக்குத்தான். என்னன்னு எழுத?”

“தண்ணி இழுத்துட்டுப் போச்சுய்யா. செத்துதோ, எங்கன ஒதுங்குச்சோ, யாரு கண்டா?”

“அப்ப ஒண்ணும் கிடைக்காது.”

சங்கிலிபூதத்தான் தலையைச் சொறிந்தார். “செத்துப் போச்சுன்னே எழுதுங்க.”

நாற்பதும் செத்தன என்று மனு எழுதியாயிற்று. இடது காதில் பிளவு, வலது காது நுனியில் வெட்டு என்று அவருடைய காதடையாளத்தையும் சேர்த்துக்கொண்டு, பெருவிரல் ரேகையை வாங்கினார்கள்.

அதற்குப் பிறகு தினமும் கச்சேரி வாசல்தான். பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் சகாய ஜாபிதாவிலிருந்து பெயரை அடித்துவிடுவார்களாம். “ஆத்தோரமா ஒரு நடை போய்ப் பாத்துட்டு வாங்களேன்” என்றாள் அவர் பெண்டாட்டி முத்துமாலை. “செத்ததை எங்கன போய்த் தேட?” என்று அவள்மேல் எரிந்து விழுந்தார். ரேகை வைத்ததிலிருந்து அவருக்கே அது நிஜமாகிவிட்டது. எண்பது ரூபாய்க்கு எத்தனை குட்டி பிடிக்கலாம் என்றுதான் மனசு ஓடிக்கொண்டிருந்தது.

இருபத்தோராம் நாள் கூப்பிட்டார்கள். மேஜைமேல் பணம் இருந்தது. விரலை மையில் ஒற்றினார். அப்போது வெளியே ஓர் ஆடு கத்தியது.

ஆட்டுக்காரன் நாக்கு யாரையும் கேட்டுக்கொண்டு அசைவதில்லை. “ட்ரியோ, ட்ரியோ” என்று பதில் குரல் கொடுத்துவிட்டார். கொடுத்த பிறகுதான் மனு ஞாபகம் வந்தது. செவலை ஆடு ஒன்று கயிற்றை இழுத்துக்கொண்டு படியேறி வந்து, உடன்குடிக் கருப்பட்டித் துண்டு எப்போதும் இருக்கும் அவர் மடியில் மூஞ்சியை நுழைத்தது. பின்னாலேயே ஆட்டு வியாபாரி அசன் மைதீன் ஓடி வந்தார்.

ஞானசிகாமணி ஆட்டின் காதைப் பார்த்தார். பிறகு மனுவைப் பார்த்தார்.

“நான் ஒண்ணும் பாக்கல வே” என்றார் குரலைத் தாழ்த்தி. “ரேகையை வச்சுட்டுப் பைய போயிரும். மனு பொய்யின்னு ஆச்சுன்னா நாப்பதுக்கும் இல்லாமப் போயிரும்.”

அந்த மனிதர் நல்லதற்குத்தான் சொன்னார். சங்கிலிபூதத்தான் அசன் மைதீன் பக்கம் திரும்பினார்.

“இதை எங்கன பிடிச்சீரு சாயபு?”

“சீவலப்பேரி முள்ளுக்காட்டுல ஒதுங்கி நின்னுது. இருபது நாளாத் தீனி போடுதேன். காதடையாளத்தைச் சொல்லிக் கிடை கிடையாக் கேட்டேன். தேடி ஒருத்தரும் வரல. அதான் சந்தைக்குக் கொண்டு போறேன்.” கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டார். “ஆத்துல இன்னுங் கீழ இதே அடையாளத்தோட மூணு ஆடு காலொடிஞ்சு கிடந்துதாம் கோனாரே. நாலு நாளு கத்திக்கிட்டே கிடந்து செத்துச்சுன்னு சொல்லுதாக.”

அந்த நாலு நாளும் சங்கிலிபூதத்தான் இந்த வாசலில்தான் உட்கார்ந்திருந்தார். அவை சாவதற்கு முன்னாலேயே அவர் ரேகை வைத்துவிட்டார்.

மை விரலை வேட்டியில் துடைத்தார். “இது என் ஆடுதான்யா. மத்ததையும் தேடிப் பாத்துட்டு வாரேன். வந்து சொல்லுதேன், எத்தனை செத்துதுன்னு.”

“பேரை அடிச்சிருவாக வே.”

“அடிக்கட்டும்.”

தீனிச் செலவைக் கேட்க வாயெடுத்த அசன் மைதீன், அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கயிற்றைக் கையில் கொடுத்தார்.

பொழுது சாய்கிறவரை ஆற்றோரமாகக் கிழக்கே குரல் கொடுத்துக்கொண்டே போனார். தொண்டை கட்டிவிட்டது. ஒவ்வொரு புதருக்கும் நின்றார். கூப்பிட்ட போதெல்லாம் செவலைதான் முந்திக்கொண்டு பதில் கத்தியது. வேறு எதுவும் கத்துகிறதா என்று கேட்க வேண்டியிருந்ததால், மடியிலிருந்த கருப்பட்டியை எடுத்து அதன் வாயில் வைத்தார்.